மூக்கில் வளையம் போட்ட சாட்சி

அத்தியாயம் 6

காலை எட்டு மணிக்கே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். துணி மூட்டை ஒன்று, இரும்புப் பானை ஒன்று, கெசையா ஒன்று. அந்த வரிசையில்தான் ஏற்றினார்கள். பானை உடையாமல் இருக்க வைக்கோல் வைத்தார்கள். கெசையாவுக்கு வைக்கவில்லை.

வண்டி ஓட்ட வேண்டியவன் நான். ஜேபெஸ் ஹெக்ஸ்ட், தொழில் சக்கரம் செய்வது. அந்த வருஷம் மார்ஷ்வெல் ஊருக்குக் கான்ஸ்டபிள் முறை என் தலையில் விழுந்திருந்தது. சம்பளம் கிடையாது. மாட்டேன் என்றால் தண்டம் உண்டு. நான்கு வருஷம் பிரிஸ்டல் கப்பல் பட்டறையில் இருந்துவிட்டு, போன ஈஸ்டருக்கு ஊர் திரும்பினேன். பெட்டியை இறக்கி வைப்பதற்குள் கையில் தடியைத் திணித்துவிட்டார்கள். என் மனைவி, ‘பெட்டியை இறக்கி, சாப்பிட்டு, தூங்கி எழுந்தப்புறம்’ என்று திருத்துவாள். அவளை நம்பாதீர்கள்.

கெசையா தர்ல்வாலுக்கு நிறைமாதம். புருஷன் கத்பர்ட் ஜனவரிப் பனியில் பாலத்தில் வழுக்கி விழுந்து செத்துப்போனான். அன்றிலிருந்து அவளுக்கு ரொட்டியும் விறகும் கொடுக்கவேண்டிய பொறுப்பு ஊருக்கு வந்தது. ஏழைக்கு அவனுடைய ஊர் சோறு போட வேண்டும் என்பது சட்டம். அவனுடைய ஊர் எது என்பதில்தான் இங்கிலாந்து முழுக்கச் சண்டை. பெண்டாட்டிக்குப் புருஷன் ஊர்தான் ஊர். கத்பர்ட் பிறந்தது வடக்கே கம்பர்லாந்தில், முந்நூறு மைல் தள்ளி. கெசையா அந்த ஊரைக் கனவில்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் அதுதான் அவள் ஊராம். பன்னிரண்டு மணிக்கு ‘மூன்று வாத்து’ என்கிற விடுதியின் மாடியில் இரண்டு நீதிபதிகள் கையெழுத்துப் போட்டால், அவள் கிளம்பியாக வேண்டும்.

ஒபதயா வின்ச் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். அந்த வருஷத்து ஏழைக் கண்காணி அவர்தான். காக்கையை விவசாயி கண்காணிக்கிற மாதிரி அவர் ஏழைகளைக் கண்காணித்தார். அவர் இடுப்புப் பட்டையை அவிழ்த்து நீட்டினால் பிரிஸ்டல் வரை எட்டும்.

“பன்னெண்டு அடிச்சதும் கையெழுத்து. பன்னெண்டு அஞ்சுக்கு உன் சக்கரம் உருளணும் ஜேபெஸ்.”

“என் சக்கரம் உருளும் ஐயா. குதிரை உங்களோடது. அதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல.”

அப்போதுதான் குதிரையின் கடிவாளத்தை ஒரு கை பிடித்தது. டாமரிஸ் டக்கெட்டம்மா. எங்கள் பக்கத்துப் பத்து ஊருக்கும் மருத்துவச்சி, பிஷப் முன்னால் சத்தியம் செய்து பட்டயம் வாங்கியவள். அப்பன் பேர் தெரியாத குழந்தைக்கு அப்பனைக் கண்டுபிடிப்பதும் அவள் வேலைதான். இல்லாவிட்டால் அந்தக் குழந்தையும் ஊர் தலையில் விழும். முப்பது வருஷத்தில் இருநூறு அப்பன்களைக் கண்டுபிடித்திருந்தாள். நான் வெளியூரில் நானூறு என்று சொல்வேன். குள்ளமான உருவம், பெரிய கூடை, ஒரு இடத்தில் நிற்கத் தெரியாத கால்கள்.

“கம்பர்லாந்துக்கு எத்தனை நாளாகும் வின்ச்?”

“ஊர் ஊரா கை மாத்தி விடுவாங்க டக்கெட்டம்மா. பதினெட்டு நாள் ஆகும், இருபதும் ஆகும்.”

“இவளுக்கு இன்னும் பத்து நாள்தான்.”

“அப்போ பத்தாம் நாள் எந்த ஊர்ல இருக்காளோ, அந்த ஊர் மருத்துவச்சி பார்த்துக்குவா. உங்களுக்கும் சிரமம் இல்ல, எங்களுக்கும் செலவு இல்ல.”

சொல்லிவிட்டுச் சவரம் செய்துகொள்ள விடுதிக்குப் போனார். டக்கெட்டம்மா வண்டிச் சக்கரத்தில் ஏறி கெசையாவின் நெற்றியில் கை வைத்தாள், வயிற்றில் கை வைத்தாள், அந்தக் கையை உடனே எடுக்கவில்லை. பிறகு காதருகே குனிந்தாள்.

“இந்தாம்மா, அழாம பதில் சொல்லு. உன் புருஷன் இந்த ஊரைத் தன் ஊராக்கிக்க மூணு வழி இருந்திருக்கு. கல்யாணத்துக்கு முந்தி இங்க ஒருத்தர்கிட்ட முழுசா ஒரு வருஷம் வேலை பார்த்தானா?”

“கல்யாணம் பண்ணிட்டுத்தாம்மா வந்தோம்.”

“பெரிய வீடு ஏதும் வாடகைக்கு எடுத்தானா?”

கெசையா ஈர முகத்தோடு சிரித்தேவிட்டாள். அவர்கள் இருந்தது ஆட்டுக்கொட்டகை.

“சரி, கடைசி வழி. ஊர்ப் பதவி ஏதாவது ஒரு வருஷம் பார்த்தானா? எந்தப் பதவியா இருந்தாலும் சரி.”

“பதவியா? பன்னி மூக்குல வளையம் மாட்டுற வேலையை ஒரு வருஷம் தலையில கட்டினாங்க. வேற யாரும் மாட்டேன்னுட்டாங்களாம். போன ஈஸ்டருக்கு முந்தின ஈஸ்டர் அது. வீட்டுக்கு வந்தா நாத்தம் தாங்காதும்மா.”

டக்கெட்டம்மாவின் கால் நின்றது. அவள் கால் நின்றால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

வளையம் போடாத பன்றி மேய்ச்சல் தரையை ஒரே பகலில் உழுதுவிடும். அதனால் அதற்கென்று ஒரு ஆளை ஈஸ்டர் கூட்டத்தில் சத்தியம் வாங்கி நியமிப்பார்கள். பன்றிக்கு அவனைப் பிடிக்காது, பன்றி வளர்ப்பவனுக்கு அதைவிடப் பிடிக்காது.

“கூட்டத்துல எழுதியிருப்பாங்க. ஜேபெஸ், வா.”

“வண்டி?”

“ஓட்டுறவன் என்கூட இருந்தா வண்டி எப்படிக் கிளம்பும்?”

ஊர்ப் புத்தகம் சர்ச்சில், மூன்று பூட்டுப் போட்ட பெட்டிக்குள் இருந்தது. மூன்று சாவியும் மூன்று பேரிடம். அந்த மூன்று பேருடைய ஒவ்வொரு ரகசியமும் டக்கெட்டம்மாவிடம். ஒன்பது மணி அடிப்பதற்குள் பெட்டி திறந்துகொண்டது.

ஈஸ்டருக்கு ஈஸ்டர் ஒரு பக்கம். கான்ஸ்டபிள் யார், சாலை பார்ப்பவர் யார், ஏழைக் கண்காணி யார், வளையம் போடுபவர் யார் என்று வரிசையாக எழுதியிருக்கும். நமக்கு வேண்டிய ஈஸ்டரின் பக்கம் மட்டும் இல்லை.

“எலி கடிச்சிருக்கும்,” என்றேன்.

“ரூல்தடி வெச்சா?”

பார்த்தேன். தையலை ஒட்டி ஒரே நேர்கோட்டில் வெட்டியிருந்தது.

“நல்ல பழக்க வழக்கம் உள்ள எலிம்மா.”

“பத்து நாளைக்கு முந்தி வின்ச் கணக்குப் பார்க்கணும்னு இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனார்னு சாவி தரும்போது பாதிரியார் சொன்னாரே, அந்த எலிதான். பரவாயில்ல, காகிதம் இல்லன்னா வாய் இருக்கு. ஊரே பார்த்திருக்கும்.”

ஊரே பார்த்துத்தான் இருந்தது, அப்போது பிரிஸ்டலில் இருந்த என்னைத் தவிர. ஆனால் அன்று மார்ஷ்வெல்லில் ஒரு கொள்ளைநோய் பரவியிருந்தது. மறதி.

ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்தார். “கத்பர்ட்டா? நல்ல பையன். பன்னியா? எனக்கு என்னமோ ஞாபகமே வரல.”

“உங்க பன்னிக்கு வளையம் போட்டிருப்பானே அண்ணே.”

“எங்ககிட்ட பன்னியே கிடையாது ஜேபெஸ்.”

அவர் முதுகுக்குப் பின்னால் பன்றி உறுமியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படி ஒரு மன உறுதியை நான் போர் வீரர்களிடமும் கண்டதில்லை.

செருப்புத் தைப்பவரின் மனைவி அதற்கும் ஒரு படி மேலே போனாள். “கத்பர்ட்னு யாரு?”

“ஏழு வருஷம் உங்க வீட்டுக்கு எதிர்ல குடியிருந்தவன்.”

“நான் எதிர்ல பார்க்கிற பழக்கம் இல்ல.”

அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. உள்ளே குழந்தை, “அம்மா, கான்ஸ்டபிள் மாமா” என்றது. “நாம வீட்ல இல்லைன்னு சொல்லுடி” என்று பதில் வந்தது. பிள்ளை அதை அப்படியே சொன்னது.

தெருவில் நடக்கவில்லை, ஓடினோம். டக்கெட்டம்மாவின் கூடை என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. கோபுரத்தில் பத்து அடித்தது. அந்த மணிக்கு அன்று என்ன அவசரமோ, பத்து அடிக்கிற நேரத்தில் நான் தெருவில் பதித்த ஐந்து கல்லைத்தான் தாண்டியிருப்பேன்.

“எல்லாரும் கெட்டவங்களா என்ன? கெசையா இங்க இருந்தா ஒவ்வொரு வீடும் ஏழை வரி கூடக் கட்டணும். வரி கட்டுற வாய்க்கு ஞாபகம் வராது ஜேபெஸ்.”

“வரி கட்டாத ஆளா பார்ப்போமா?”

“வரி கட்டாதவன் சாட்சியை நீதிபதி கேட்க மாட்டார்.”

கொல்லன் எனோக்கின் பட்டறைக்கு நான் நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். எனோக் சுவரில் கம்பிச் சுருள்களை மாட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததுமே, “ஞாபகம் இல்ல” என்றான். நாங்கள் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

டக்கெட்டம்மா கேட்கவும் இல்லை. ஒரு கம்பியை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். “பன்னி வளையத்துக்கு இதுதானே? எல்லாக் கம்பியும் ஒரே மாதிரிதான் இருக்கும் இல்ல? யார் மாட்டினாலும் ஒண்ணுதான்.”

கொல்லனிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

“ஒண்ணா? யார் சொன்னா? முறுக்கைப் பார்த்தே யார் கைன்னு சொல்லுவேன் நான். வலது கைக்காரன் முறுக்கு இப்படிப் போகும். இடது கைக்காரன் முறுக்கு இதுக்கு நேர் எதிர். இந்த ஊர்ல இடது கைக்காரன் ஒருத்தன்தான் என்கிட்ட கம்பி வாங்கினான், அவன் மாட்டினா முறுக்கு…”

வாய் மூடிக்கொண்டது.

“யாரு எனோக்?”

“ஞாபகம் இல்லம்மா.”

டக்கெட்டம்மா அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். இப்போது அவள் நடையில் ஒரு துள்ளல்.

“கத்பர்ட் இடது கைக்காரன். அந்த இரும்புப் பானைக் காதுல அவன் கட்டின கம்பி இருக்கு, காலையில பார்த்தேன். வின்ச் புத்தகத்தைத்தான் வெட்டினார் ஜேபெஸ். பன்னி மூக்கை வெட்டலையே.”

“அற்புதம்மா. ஆனா ஒரு சின்ன சிக்கல்.”

“சொல்லு.”

“சாட்சி எல்லாத்தையும் தின்னுட்டோம்.”

உண்மைதான். நவம்பர் வந்தால் ஊரே பன்றி அறுக்கும். கத்பர்ட் வளையம் போட்ட பன்றிகள் இரண்டு குளிர்காலத்துக்கு முன்பே தொத்திறைச்சியாகிவிட்டன. ஊர் திரும்பியதும், உப்புக்கண்டமாக மிச்சம் இருந்த ஏழெட்டுச் சாட்சிகளை நானே வெங்காயத்தோடு சாப்பிட்டிருப்பேன்.

“குட்டி போடுற பன்னியை யாரும் அறுக்க மாட்டாங்க,” என்றாள் டக்கெட்டம்மா. “மூணு வருஷத்துக்கு மேல வயசான தாய்ப்பன்னி இந்த ஊர்ல யார்கிட்ட இருக்கு?”

ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது யாருடையது என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. நான் தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். செத்தால் என் மனைவியிடம் சேர்க்க ஏதாவது இருக்கட்டும்.

ஒபதயா வின்ச்சின் பன்றிக்குச் சீமாட்டி என்று பெயர். யானை அளவு இருக்கும். சரி, கன்றுக்குட்டி அளவு. அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன். கொட்டிலின் கல் சுவரில் டக்கெட்டம்மா உட்கார்ந்துகொள்ள, நான் உள்ளே குதித்தேன்.

“மூக்கைத் தூக்கு.”

“நான் அதைத் தூக்கணும்னு நினைக்கிறேன்மா. அது என்னைத் தூக்கணும்னு நினைக்குது.”

மூன்று முறை அந்தக் கொட்டிலை நான் சுற்றினேன். அதில் இரண்டு முறை என் காலால் சுற்றவில்லை. கடைசியில் டக்கெட்டம்மா கூடையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துச் சுவர் மேல் நீட்டினாள். சீமாட்டி சாதுவாக மூக்கைத் தூக்கியது.

“ஆப்பிள் முதல்லயே இருந்துச்சா?”

“நீ ஆர்வமா இருந்தே. தடுக்க மனசு வரல. என்ன தெரியுது?”

“மூணு வளையம். ஒண்ணு புதுசு, வலது முறுக்கு.”

“அது இந்த வருஷத்து ஆள் போட்டது. மத்த ரெண்டு?”

சேற்றைத் துடைத்தேன். ஒன்று தேய்ந்து நூலாகியிருந்தது. இன்னொன்று கொஞ்சம் தடிப்பு. இரண்டும் எதிர்ப்பக்கம் முறுக்கியவை.

“இடது. ரெண்டுமே இடது.”

“ஈஸ்டர் கழிஞ்சு மேய்ச்சலுக்கு விடும்போது ஒண்ணு. அறுவடை கழிஞ்சு திரும்ப விடும்போது ஒண்ணு. வேற?”

“மூக்கு ஓரத்துல ஒரு கிழிசல் இருக்கு. பழைய காயம்.”

“ம்,” என்றாள். அந்த ‘ம்’ எனக்குப் பிடித்திருந்தது.

“இப்போ இதை எப்படிம்மா நீதிபதிகிட்ட கொண்டு போறது? வின்ச் கொட்டில்ல இருந்து எடுத்தா திருட்டு. நான் வேற கான்ஸ்டபிள். என்னை நானே பிடிக்கணும்.”

“தெருவுல சுத்துற பன்னியைப் பிடிக்கிறது யார் வேலை?”

“கான்ஸ்டபிள் வேலை.”

டக்கெட்டம்மா சுவரிலிருந்து இறங்கும்போது பாவாடை தட்டிக் கொட்டில் கதவின் தாழ்ப்பாள் எப்படியோ விலகிவிட்டது. சீமாட்டி தெருவுக்கு வந்தது. நான் கடமையைச் செய்தேன்.

மூன்று வாத்து விடுதியின் மாடிப்படியில் ஒரு பன்றியை ஏற்றுவது எப்படி என்று யாராவது கேட்டால் சொல்கிறேன்: நான்கு ஆப்பிள், ஒரு தோள்பட்டை, சொல்லக் கூடாத சில வார்த்தைகள். முற்றத்தில் தூறலில் வண்டி நின்றிருந்தது. கெசையா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வண்டிக் கட்டையைப் பிடித்திருந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. நான் பானையைக் கேட்டதும் ஒரு கையை மட்டும் எடுத்துக் கொடுத்தாள், உடனே திரும்பவும் பிடித்துக்கொண்டாள். டக்கெட்டம்மா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு என்னை முதுகில் தள்ளி, “வேகமா” என்றாள்.

மேலே சர் லயனல் வீங்கிய காலை நாற்காலி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நீதிபதி, திரு. பெர்ரிட். அவருக்குக் காது கேட்காது, ஆட்டுக்கறி வந்தால் மட்டும் கேட்கும். மேஜையில் உத்தரவுக் காகிதம் விரித்து வைத்திருந்தது. புதிதாகச் சவரம் செய்த வின்ச், மையைக்கூட அவரே தொட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அது என் பன்னி,” என்றார் வின்ச்.

“தெருவுல பிடிச்சேன் ஐயா. விசாரணை முடிஞ்சதும் ரசீது கொடுத்துடறேன்.”

சர் லயனலுக்கு அன்று காலையிலிருந்து பொழுது போகாமல் இருந்திருக்க வேண்டும். “பன்னி பேசட்டும்” என்றார்.

டக்கெட்டம்மா பேசினாள். பக்கம் வெட்டிய புத்தகம், பானைக் காதின் கம்பி, பன்றி மூக்கின் கம்பி, இடது கை. சர் லயனல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறுக்கையும் ஒப்பிட்டார். பெர்ரிட் பானைக்குள் எட்டிப் பார்த்து ஏமாந்தார்.

“ஆக, அந்த ஆள் ஒரு வருஷம் ஊர்ப் பதவி வகிச்சான்னு சொல்றே. ஏம்பா வின்ச்?”

நான் வின்ச்சின் முகம் கறுக்கும் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார்.

“வளையம் போட்டது கத்பர்ட்தான் ஐயா. இல்லைன்னு யார் சொன்னா? ஆனா பதவி அவனோடது இல்ல. சத்தியம் பண்ணிப் பதவியில இருந்தது கிழவன் நோவா பிளேமி. குனிய முடியாத கிழவன், அதனால கத்பர்ட்டைக் கூலிக்கு வெச்சுக்கிட்டான். கூலிக்காரனுக்குப் பதவி கணக்குல ஊர் கிடைக்காது. சட்டம் அப்படித்தானே?”

“அப்படித்தான்,” என்றார் சர் லயனல். “நோவா பிளேமி எங்கே?”

“போன கோடையில புதைச்சோம் ஐயா. பாவம்.”

புத்தகத்தில் பக்கமும் இல்லை, ஊரில் நோவாவும் இல்லை. மனிதர் எவ்வளவு நிதானமாக யோசித்து வைத்திருக்கிறார். சர் லயனல் பேனாவை எடுத்தார். கோபுரத்தில் பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது. நான் டக்கெட்டம்மாவைப் பார்த்தேன். அவள் தோற்றவள் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து, பன்றியின் மூக்கைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பாவம், எவ்வளவு அழகான மூக்கு,” என்றாள், வீட்டு வேலைக்கு நடுவில் பேசுகிற குரலில். “இது எப்படிக் கிழிஞ்சுது வின்ச்? காட்டுவேலியில மாட்டிக்கிச்சா?”

“வேலியா? அந்த வடக்கத்தியான் பண்ணின வேலை. வளையத்தைச் சரியா மாட்டல. பிச்சுக்கிட்டு வந்து என் துலிப் பாத்தியை உழுதுடுச்சு. ஹாலந்துல இருந்து வரவழைச்ச நாப்பது கிழங்கு. சும்மா விடுவேனா? அன்னைக்கே ஐயா முன்னால இழுத்துட்டுப் போய் நிறுத்தினேன்.”

“யாரை?”

“கத்பர்ட்டைத்தான்.”

“நோவாவை இல்லையா?”

வின்ச் வாயைத் திறந்தார். பன்றிதான் உறுமியது.

சர் லயனலின் பேனா காகிதத்துக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. “துலிப் வழக்கு… அது என்கிட்டத்தானே வந்தது. தொழுமரத்துல காலை மாட்டி மூணு மணி நேரம் உட்கார வெச்சோம். நல்ல மழை. அந்த ஆளா இவன்?”

“என்ன குற்றத்துக்காக ஐயா உட்கார வெச்சீங்க?” டக்கெட்டம்மாவின் குரல் இப்போது வீட்டு வேலைக் குரலாக இல்லை.

சர் லயனல் தன் குமாஸ்தாவின் பெட்டியிலிருந்து பழைய காகிதக் கட்டை வாங்கிப் புரட்டினார். எனக்கு அது ஒரு வாரம் மாதிரி இருந்தது. கண்டுபிடித்து, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தார்.

“‘ஒபதயா வின்ச்சின் புகாரின் பேரில், கத்பர்ட் தர்ல்வால், தான் சத்தியம் செய்து ஏற்ற பதவியின் கடமையில் தவறியதற்காக.’ குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள்.”

“கூலிக்காரன் தப்புப் பண்ணினா முதலாளியை நிறுத்தியிருக்கணும்,” என்றாள் டக்கெட்டம்மா. “பதவியே இல்லாதவனைப் பதவியில தவறினான்னு தொழுமரத்துல போட்டிருந்தா, தப்பு வின்ச்சோடது இல்ல ஐயா. கையெழுத்துப் போட்டவரோடது.”

சர் லயனலின் வீங்கிய கால் நாற்காலியிலிருந்து இறங்கியது. தான் தப்பாக ஒருவனைத் தண்டித்துவிட்டதாக ஊர் பேசுவதைவிட, பத்துக் கெசையாக்களுக்கு ரொட்டி போடுவது அவருக்கு எளிது.

“நான் தப்பே பண்ணல. அவன் பதவியில இருந்தான்.”

வின்ச் விடவில்லை. “ஆனா ஐயா, ஒரு வருஷம் முடியல. குருத்தோலைக்கும் ஈஸ்டருக்கும் நடுவுல ஒரு வாரம் இருக்கு. தொழுமரத்துல இருந்து எழுந்தவன் அன்னைக்கே வேலையை விட்டுட்டான்.”

“சத்தியம் பண்ணின பதவியை நடுவுல விட்டா தண்டம் உண்டே. புகார் கொடுத்தீங்களா?” என்றாள் டக்கெட்டம்மா.

“இல்ல.”

நான் குறுக்கே புகுந்தேன். “ஐயா, நாப்பது கிழங்குக்கு ஒருத்தனை மழையில உட்கார வெச்ச மனுஷன் இவர். அவன் வேலையை வேற விட்டிருந்தா, புகார் கொடுக்காம ராத்திரி தூங்கியிருப்பாரா?”

பெர்ரிட்டுக்கு அது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. மேஜை அதிரச் சிரித்தார். சர் லயனல் உத்தரவுக் காகிதத்தை நாலாக மடித்து, ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் செருகினார்.

“கத்பர்ட் மார்ஷ்வெல்காரன். அவன் பொண்டாட்டி மார்ஷ்வெல்காரி. வெட்டின பக்கத்தைப் பத்தி நாம தனியாப் பேசுவோம் வின்ச். பன்னியைக் கூட்டிட்டுப் போ.”

நான் படிகளை நான்கு நான்காக இறங்கினேன். ஆறு ஆறாக என்று சொல்ல ஆசை, அத்தனை படிகள் அங்கே இல்லை.

“கெசையா, இறங்கும்மா. எங்கேயும் போக வேண்டாம். உன் புருஷன் இந்த ஊர்க்காரனாம், நீதிபதியே சொல்லிட்டார்.”

அவள் என்னைப் பார்த்தாள். “அப்போ நான் இறங்கலாமா?”

“இறங்கலாம்.”

“என்னால முடியல,” என்றாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் கட்டையைப் பிடித்திருந்த விரல்கள் நகம்வரை வெளுத்திருந்தன.

டக்கெட்டம்மா என்னைத் தள்ளிவிட்டு வந்தாள். விடுதிக்காரியைக் கூப்பிட்டு வெந்நீர் கேட்டாள், என்னிடம் கெசையாவைத் தூக்கச் சொன்னாள். கீழ் அறையில் படுக்க வைத்தேன். கதவு என் மூக்குக்கு நேராக மூடிக்கொண்டது.

அதன் பிறகு நான் அந்த முற்றத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். மூவாயிரம் சுற்று இருக்கும். மழை வலுத்தது. குதிரையை அவிழ்த்தேன், திரும்பப் பூட்டினேன், திரும்ப அவிழ்த்தேன். சக்கரத்து ஆணியைத் தட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு ஐந்துக்குக் கிளம்பியிருந்தால் இந்நேரம் மேட்டுச் சாலையில் இருந்திருப்போம். அங்கே ஐந்து மைலுக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு மரம்கூடக் கிடையாது. வண்டியில் நானும் அவளும் ஒரு இரும்புப் பானையும்தான். அதை நினைத்ததும் இன்னும் வேகமாகச் சுற்றினேன். அவள் குரல் கேட்கும்போதெல்லாம் நின்றேன், கேட்காதபோது அதைவிடப் பயந்தேன்.

மூன்று மணி தாண்டி வேறொரு குரல் கேட்டது. சின்னது, கோபமானது.

டக்கெட்டம்மா முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். காலையிலிருந்து முதல் முறையாக ஒரு இடத்தில் உட்கார்ந்தாள், என் வண்டியின் பின் கட்டையில்.

“பொண்ணு. தாயும் நல்லா இருக்கா.”

“பத்து நாள்னீங்களேம்மா. முப்பது வருஷத்துல உங்க கணக்கு தப்பினதே இல்லையே.”

“இன்னைக்கும் தப்பல. காலையில கடிவாளத்தைப் பிடிக்கும்போதே அவ முகத்துல வலி தெரிஞ்சுது, வயித்துல கை வெச்சதும் உறுதியாச்சு. அவ பல்லைக் கடிச்சுட்டு இருந்தா.”

“அப்புறம் ஏன்…”

“பத்து நாள்னு நான் சொன்னதாலதான் வின்ச் சவரம் பண்ணிக்கப் போனார். இன்னைக்குன்னு தெரிஞ்சிருந்தா கையெழுத்துக்குக் காத்திருப்பாரா? எட்டு மணிக்கே வண்டியை எல்லைக்கு அந்தாண்ட தள்ளிட்டு வந்திருப்பார். பிள்ளை அடுத்த ஊர்ச் சாக்கடையில பிறந்தாலும் அவருக்குச் சந்தோஷம்தான். எத்தனை பேரை அப்படித் தள்ளினதை நான் பார்த்திருக்கேன் தெரியுமா?”

“எனக்காவது சொல்லியிருக்கலாமேம்மா.”

“உன் முகத்துல எழுதி ஒட்டியிருக்கும் ஜேபெஸ்.”

வின்ச் அந்த நேரம் பார்த்து விடுதி வாசலில் வந்து நின்றார், கையில் தொப்பியைச் சுற்றிக்கொண்டு. பொழுது சாய்வதற்குள் அவளை ஏழைகள் இல்லத்துக்கு மாற்றிவிட்டால் விடுதிக்குக் கொடுக்கிற அறை வாடகை ஊருக்கு மிச்சம் என்று மெதுவாகச் சொன்னார்.

டக்கெட்டம்மா எழுந்து போய்க் கீழ் அறையின் கதவை ஒரு விரல் அளவு திறந்தாள். உள்ளே கெசையா ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அடித்துப்போட்டவள் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். அக்குளுக்குள் ஒரு சிவந்த முகம்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, டக்கெட்டம்மா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

“தூங்கட்டும்,” என்றாள். “எழுந்திருக்கிறப்போ எழுந்திருப்பா.”

வின்ச் தொப்பியைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார். நான் குதிரையைக் கடைசி முறையாக அவிழ்த்துக் கொட்டகையில் கட்டினேன்.